கைக்குப் போட்ட காலுறை

அந்த வருஷம் மழை பிந்தி வந்தாலும் நின்று பெய்திருந்தது. மழைக்கு மட்டும் ஓடுகிற காட்டாறான வாதியின் இரு கரையிலும் கணுக்கால் மறையப் புல். குட்டிகள் பால் மறந்த பிறகும் ஆடுகளின் மடி வற்றவில்லை. விடியற்காலையில் கறந்ததை உறை குத்தி வைத்து, மறுநாள் தோல்பையில் ஊற்றிக் கடைய வேண்டும். வெண்ணெய் எடுத்த மோரைக் காய்ச்சித் துணியில் வடிகட்டி, உப்புப் போட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்துத் தகரக் கூரைமேல் காயவைக்க வேண்டும். கல்லாய்க் காய்கிற அந்த ஜமீத் உருண்டைகள்தான் வருஷம் முழுக்கக் கறிக்கும் சோற்றுக்கும். நாலு கை வேண்டிய வேலை. அந்த வீட்டில் வேலைக்கு இருந்ததும் நாலு கைதான். இரண்டு ரஸ்மியாவுடையவை. இரண்டு அவள் நாத்தனார் ஃபித்தாவுடையவை.

ஃபித்தாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவள் தம்பி, ரஸ்மியாவின் புருஷன் அவ்தாவுக்கும் கேட்காது. அந்த ஊரில் அது ஒரு சங்கதியே இல்லை. வீட்டுக்கு ஒருவர் இருவர் அப்படி இருந்தார்கள். கேட்கிறவர்களும் அவர்களோடு கையால்தான் பேசினார்கள். கடையில் பேரமும் கல்யாணத்தில் கேலியும் கிணற்றடியில் புறணியும் கையால் நடக்கும். இரண்டு பேர் தூரத்து மேடுகளில் நின்று ஆடு மேய்த்தபடியே சண்டை போட்டு முடித்துவிடுவார்கள். வெளியூரிலிருந்து வாழ வந்தவர்களுக்கு மட்டும்தான் அது பெரிதாகத் தெரியும்.

ரஸ்மியா வெளியூர்க்காரி. மலைப்பக்கம். அவள் அண்ணன் வீட்டுக்குச் சுவர் பூச வந்த அவ்தாவின் வேலையைப் பார்த்து அண்ணன்மார்களுக்குப் பிடித்துப்போனது. சிமெண்டுக் கரண்டியை அவன் பிடிக்கிற பிடி ரஸ்மியாவுக்கும் பிடித்தது. பேச்சு வராதது அன்றைக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. அவள் வீட்டில் பேசுகிறவர்கள் எல்லோரும் கத்துகிறவர்களாக இருந்தார்கள்.

இங்கே வந்து சில மாதங்களில் ஒன்றைக் கவனித்தாள். அவளை யாரும் கூப்பிடுவதில்லை. ஃபித்தாவுக்கு அவள் வேண்டுமென்றால் தரையை ஓங்கி மிதிப்பாள். மிதியின் அதிர்வு இவள் பாதத்துக்கு வரும். அவ்தா தலைத்துணியின் நுனியைத் தொடுவான், இல்லையென்றால் சிறு கல்லை அவள் முன்னால் உருட்டிவிடுவான். ஊர் அவளுக்கு ஒரு கைப்பெயர் வைத்திருந்தது. உள்ளங்கையைச் சரிவாக நெற்றிக்கு மேலே தூக்கினால் மலைக்காரி. அந்தப் பெயர் அவள் முதுகுக்குப் பின்னால் சொல்லப்பட்டால் அவளுக்குத் தெரியாது. ரஸ்மியா என்ற சத்தம் அந்த வீட்டுக்குள் கேட்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுத் தமாம் வர வேண்டும். தமாம் வராத நாட்களில் ரஸ்மியா ஆடு கறக்கும்போது தன் பெயரைத் தானே ஒரு தடவை சொல்லிப் பார்ப்பாள். ஆடு திரும்பிப் பார்க்கும்.

பிறகு நூஃபா பிறந்தாள். பீர் சபா நகரத்து ஆஸ்பத்திரியில் ஏதோ கருவியைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு நன்றாகக் கேட்கிறது என்றார்கள். ரஸ்மியா அன்று அழுதாள். ஃபித்தா எதற்கு அழுகிறாய் என்று கேட்டாள். ரஸ்மியாவுக்கு அதைச் சொல்லக் கை வரவில்லை. சமையலறைக்கு வேண்டிய மட்டும் கற்றிருந்தாள். உப்பு, தண்ணீர், தீ, போதும், நாளைக்கு. மீதியை விரலால் சுட்டியும் வாயை அகலமாக அசைத்தும் சமாளித்தாள்.

குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க ஃபித்தா யாரையும் கேட்கவில்லை. மற்ற ஊர்களில் பச்சைக் குழந்தையைக் கையோடு சேர்த்துத் துணியில் இறுக்கிச் சுற்றுவார்கள். இந்த ஊரில் கையை வெளியே விட்டுத்தான் சுற்றுவார்கள். ரஸ்மியா தன் ஊர் வழக்கப்படி சுற்றியதைப் பார்த்த ஃபித்தா, ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்து, கையிரண்டையும் வெளியே எடுத்துவிட்டு, மறுபடி சுற்றினாள். குழந்தையை மடியில் தன்னைப் பார்க்க உட்கார வைத்துக்கொள்வாள். வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி நகர்ந்துகொள்வாள். பால் கொடுப்பதற்கு முன்னால் முஷ்டியை மடி பீச்சுவதுபோல் ஒருமுறை அமுக்கிக் காட்டுவாள். ஆடு என்றால் கொம்பைத் தன் தலையில் காட்டாமல் குழந்தையின் தலையிலேயே வைத்துக் காட்டுவாள். அப்பாவுக்கு மீசையை அதன் உதட்டின்மேலேயே வரைவாள். குழந்தை சிரிக்கும். மறுபடி செய் என்று முகத்தை நீட்டும்.

தவழ்வதற்கு முன்பே நூஃபா பால் கேட்டாள். முஷ்டியை அமுக்கி. அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஆடு, விளக்கு, நாய், இன்னும், அப்பா, அத்தை. அம்மாவுக்கு நெஞ்சில் கை வைக்க வேண்டும். விரல்கள் இன்னும் தனித்தனியாகப் பிரியாத கை. எல்லாவற்றையும் முஷ்டியாலேயே சொல்வாள். ஃபித்தாவுக்கு எல்லாம் புரியும். கூடவே இருப்பதால் ரஸ்மியாவுக்கும் புரிந்தது. புரிந்தது என்று காட்டிக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. குழந்தை நெஞ்சைத் தட்டிக்கொண்டு நிற்கும். இவள் மாவு பிசைந்துகொண்டிருப்பாள். குழந்தை கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அத்தையிடம் போய்விடும்.

நடக்கத் தொடங்கி மாதங்கள் ஆகியும் நூஃபாவின் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

அம்மை போட்டது அந்த நேரத்தில்தான். ஊரில் எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டு, கடைசியாக இவளுக்குப் போட்டது. சொறிந்து சொறிந்து நெற்றியில் இரண்டு கொப்புளம் உடைந்தது. மருந்தகத்துத் தாதி நகத்தை வெட்டிவிட்டு, "கொஞ்ச நாளைக்குக் கையில எதையாவது மாட்டி வைம்மா. காஞ்சதும் எடுத்திரு" என்றாள். ரஸ்மியா குழந்தையின் காலுறைகளையே கையில் மாட்டி, மணிக்கட்டில் நூல் சுற்றிக் கட்டினாள்.

முதல் நாள் முழுக்க நூஃபா காலுறைக்குள்ளிருந்து பேசிக்கொண்டே இருந்தாள். வெள்ளை உருண்டை இரண்டு காற்றில் ஆடின. அத்தைக்கே பாதி புரியவில்லை. அப்புறம் பேசுவது குறைந்தது. ஒரு மத்தியானம் தண்ணீர்க் குவளை எட்டாத உயரத்தில் இருந்தது. நூஃபா அதைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். ரஸ்மியாவின் முதுகைப் பார்த்து, "உம்மா" என்றாள்.

ரஸ்மியா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். திரும்பவில்லை. இன்னொரு தடவை வரட்டும் என்று நின்றாள்.

"உம்மா."

அன்று சாயங்காலம் மலைப்பக்கத்து அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அக்கா, "இப்பவாச்சும் வாயத் திறந்தாளே. இனி விட்டுராத, புடிச்சுக்கோ" என்றாள். ரஸ்மியா பிடித்துக்கொண்டாள்.

கொப்புளங்கள் பொருக்குத் தட்டின. பொருக்கு உதிர்ந்தது. காலுறை அப்படியே இருந்தது. குளிப்பாட்டும்போது அவிழ்ப்பாள், துடைத்ததும் கட்டுவாள். முன்பு குளிப்பாட்டியது ஃபித்தா. இப்போது ரஸ்மியா தானே செய்தாள், கதவைச் சாத்திக்கொண்டு. நூஃபா "உம்மா" என்றாள். பிறகு "மா" என்றாள்; அவர்கள் பேச்சில் அது தண்ணீர். ரஸ்மியா அவளிடம் நாள் முழுக்கப் பேசினாள். ஆட்டிடம் பேசுவதை விட்டுவிட்டாள்.

தமாம்தான் முதலில் பிடித்தாள். தமாமுக்குக் காது கேட்கும், கையும் பேசும், நாக்கு இரண்டையும்விட நீளம். அடுப்பில் கவிழ்த்த இரும்புத் தட்டில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்த ரஸ்மியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சூடான ரொட்டியில் ஒரு துண்டைக் கிழித்தபடியே குழந்தையை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டி ரஸ்மியா, உம் மகளுக்கு என்ன, குளிருதா?"

"அம்மைக்குப் போட்டது அக்கா."

"அம்மை எங்க இருக்கு? மூஞ்சி கழுவி வச்ச தட்டு மாதிரி இருக்கு."

"உடம்புல இருக்கு. உள்ளுக்குள்ள."

"உள்ளுக்குள்ள இருக்கிறத எப்படிச் சொறிவா?"

ரஸ்மியா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "தாதி சொன்னா. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு."

"எந்தத் தாதி? எம் பேரனுக்கும் அவதானே பாத்தா. அவன் அம்மை காஞ்சு, ஓடி விழுந்து, மண்டையில தையலே போட்டாச்சு." தமாம் ரொட்டியை மென்றாள். "பேசுறாளாமே. உங்க அக்காகிட்ட நீ போன்ல கத்தினது எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு."

"உம்மான்னு சொல்றா அக்கா. தெளிவா."

"நல்லது. சொல்லட்டும். எம் புள்ளைங்க அஞ்சும் கையிலயும் பேசுச்சு, வாயிலயும் பேசுச்சு. ஒண்ணு மெதுவா வந்துச்சு, ஒண்ணு சுருக்கா வந்துச்சு. வாய எப்படி அடைக்கிறதுன்னுதான் இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

"உங்களுக்கு வீடு பூரா ஆளு. பேச்சு காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. இங்க யாரு இருக்கா? நான் ஒருத்திதான். நான் வாயத் திறந்தா செவுருதான் கேக்குது. கை இருந்தா அவ எதுக்கு வாயத் திறக்கப் போறா?"

தமாம் விறகை உள்ளே தள்ளினாள். அடுப்பில் வேலிக்கட்டை ஒன்று வெடித்தது.

"அத நீ அவ அத்தகிட்ட சொன்னியா?"

"என்னத்தச் சொல்ல? எந்தக் கையால சொல்ல?"

"மூணு வருஷமா அந்த வீட்ல இருக்க" என்று எழுந்தாள் தமாம். "உப்பு போடு, தீய அணை, இத மட்டும் பேசியே காலத்த ஓட்டிட்ட. வெவரந்தான்." இன்னொரு ரொட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள்.

ஃபித்தா கேட்டது மறுநாள் காலையில். கடைகிற தோல்பை முக்காலிக் கம்புகளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு பக்கம் பிடித்து ஆட்ட, ரஸ்மியா மறுபக்கம் பிடித்திருந்தாள். ஃபித்தா பையை நிறுத்தினாள். ஆடு கறந்து காய்த்த பெரிய கைகள். அவற்றை நிதானமாக அசைத்தாள், ரஸ்மியாவுக்குப் புரிய வேண்டும் என்று.

"புண்ணு ஆறிருச்சு."

ரஸ்மியா தலையசைத்தாள், இல்லை என்று.

"நான் பார்த்தேன். நீ குளிப்பாட்டுறப்ப ஜன்னல் வழியா. தோலு சுத்தமா இருக்கு. அவுத்துவிடு."

"நாளைக்கு" என்றாள் ரஸ்மியா. அது அவளுக்குத் தெரிந்த சொல்.

"நேத்தும் நாளைக்குன்ன."

ரஸ்மியா வாயாலேயே பேசத் தொடங்கினாள். நூஃபாவுக்குக் காது கேட்கும், கேட்கிற குழந்தைக்கு எதற்குக் கை, என் குழந்தை, நான் பெற்றவள். உதடு வேகமாக அசைந்தது. ஃபித்தா அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாதியில் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எங்கிட்ட கோவப்படறதுக்குக்கூட உனக்குக் கையில்ல. அவளுக்கும் வேண்டாங்கிற."

ரஸ்மியாவுக்கு அந்த வாக்கியம் முழுதாகப் புரிந்தது. புரியாத மாதிரி தோல்பையின் வாயை இறுக்கினாள். ஃபித்தா எழுந்து வீட்டுக்குள் போனாள்.

திரும்பி வந்தபோது அவள் இரு கைகளிலும் பழைய தலைத்துணியின் கிழிசல் சுற்றியிருந்தது. விரல் நுனி தெரியாமல் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டிருந்தாள். வாசலுக்கு நேரே, ரஸ்மியா எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுகிற இடத்தில், காலை நீட்டி உட்கார்ந்தாள். அந்த இரண்டு மூட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். முகத்தில் கோபம் இல்லை. பிடிவாதம்கூட இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

அன்று கிழக்கிலிருந்து புழுதிக்காற்று கிளம்பியது. வெயில் மஞ்சளாக மாறி வீட்டுத் தகரம் கதவு எல்லாம் நடுங்கத் தொடங்கியது. ரஸ்மியா தனியாகத் தோல்பையை ஆட்டினாள். ஒற்றை ஆள் பிடிப்பில் பை கோணலாகப் போய் வந்தது. வெண்ணெய் திரளும்போது உள்ளே சத்தம் கனக்கும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் தகரம் போட்ட சத்தத்தில் பையின் சத்தம் கேட்கவில்லை. ஃபித்தாவானால் தோலின்மேல் உள்ளங்கையை வைத்தே சொல்லிவிடுவாள். அவளைக் கேட்க முடியாது. காற்றின் சூட்டில் வெண்ணெய் திரண்டு, திரும்ப இளகி, மோரோடு கலந்து எண்ணெயாக மிதந்தது. நேற்று வடிகட்டிய கட்டி உப்புப் போட ஆளில்லாமல் துணிக்குள் புளித்தது. கூரைமேல் காய்ந்த உருண்டைகளில் மணல் ஒட்டியது. குழந்தை முதுகில். ஆடுகள் கறக்கச் சொல்லிக் கத்தின. ரஸ்மியா எல்லாவற்றிலும் பாதியில் நின்றாள்.

மத்தியானம் ரொட்டியும் எண்ணெயும் தட்டில் வைத்து ஃபித்தாவின் முன்னால் வைத்தாள். ஃபித்தா தட்டைப் பார்த்தாள். மடியிலிருந்த மூட்டைகளைப் பார்த்தாள். முகத்தை வாதிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தட்டில் புழுதி படிந்தது.

ரஸ்மியா நிலைப்படியில் உட்கார்ந்தாள். இரண்டு பெண்களுக்கும் நடுவில் காற்று குப்பையைச் சுழற்றிக்கொண்டு போனது. இத்தனை நாள் இந்த வீட்டில் சத்தமில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இன்றுதான் சத்தமில்லாமல் போயிருந்தது. காலையில் ஃபித்தா ஆடுகளை ஏசுவது, பானையைப் பார்த்துச் சலித்துக்கொள்வது, தமாமைப்போல் நடந்து காட்டிச் சிரிப்பது, எதுவுமே இல்லை. அதெல்லாம் தனக்கு இவ்வளவு நாளாகப் புரிந்துகொண்டிருந்திருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதுகிலிருந்து இறக்கிவிட்டதும் நூஃபா அத்தையிடம் நடந்து போனாள். மடியிலிருந்த துணிமூட்டைகளை வெகுநேரம் பார்த்தாள். தன் காலுறைக் கையை உயர்த்தி ஒரு மூட்டையின்மேல் வைத்தாள். அடையாளம் கண்டுகொண்டவள்போல் அத்தையின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு குனிந்து தட்டிலிருந்த ரொட்டித் துண்டை இரண்டு காலுறைகளுக்கும் நடுவில் இடுக்கினாள். அது விழுந்தது. மறுபடி இடுக்கினாள். விழுந்தது. மூன்றாம் தடவை நெஞ்சோடு சேர்த்து அணைத்துத் தூக்கி, அத்தையின் வாய்க்கு நேரே கொண்டுபோனாள். ஃபித்தா வாயைத் திறந்தாள். மண்ணோடு மென்றாள். கண்ணிலிருந்து வந்ததைத் துடைக்க அவளுக்குக் கையில்லை.

ரஸ்மியா எழுந்து போய் மகளின் முன்னால் மண்டியிட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். காலுறைகளை உருவினாள். உள்ளே இருந்த கைகள் வெளிறி, தண்ணீரில் ஊறியவைபோல் சுருங்கியிருந்தன. மணிக்கட்டில் நூல் பதிந்த சிவப்பு வளையம். நூஃபா தன் விரல்களைப் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. அம்மாவின் கையிலிருந்த காலுறையைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டினாள், மாட்டிவிடச் சொல்லி.

ரஸ்மியா காலுறைகளை அடுப்பில் போட்டாள்.

ஃபித்தா பல்லால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டாள். விரல்களை மடக்கி நீட்டினாள். கெட்டுப்போன மோரைத் தொட்டுப் பார்த்து, முகத்தைச் சுளித்து, நாய்க்கு ஊற்றிவிட்டு ஆடு கறக்கப் போனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவ்தா வந்தான். வடக்கே கட்டட வேலை. வாரம் முழுக்க அங்கேயே தங்கி, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஊருக்கு வருவான். இந்தத் தடவை வேலை இழுத்துக்கொண்டு போனதில் மூன்று வாரம் வரவில்லை. காதுமடலிலும் புருவத்திலும் சிமெண்டு. வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, மகளைப் பார்த்துக் கையை விரித்தான்.

"யாரு வந்திருக்கா?"

ஒவ்வொரு வாரமும் இதுதான். நூஃபா முஷ்டியால் மேலுதட்டில் மீசை வரைவாள். அவன் அப்படியே பின்னால் விழுவதுபோல் நடிப்பான். அவள் இன்னும் இன்னும் என்று முஷ்டிகளை மோதுவாள்.

இன்று நூஃபா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவனைப் பார்க்கவில்லை. ரஸ்மியாவின் முகத்தைப் பார்த்தாள்.

அவ்தா மறுபடி கேட்டான். அவள் மறுபடி அம்மாவைப் பார்த்தாள். அவ்தாவின் கண்ணும் அந்தப் பார்வையின் வழியே வந்து ரஸ்மியாவிடம் நின்றது.

"என்ன ஆச்சு இவளுக்கு?"

"அம்மை" என்றாள் ரஸ்மியா, முகத்தில் புள்ளி புள்ளியாகத் தொட்டுக் காட்டி. "சோர்வு."

அவன் அக்காவைப் பார்த்தான். ஃபித்தா வைக்கோல் கட்டைத் தூக்கிக்கொண்டு பட்டிக்குப் போய்விட்டாள். அவ்தா உட்கார்ந்தபடியே இருந்தான். மூன்று வாரத்தில் குழந்தை தகப்பனை மறக்குமா என்று யோசிக்கிறான் என்பது அவன் தோளிலேயே தெரிந்தது. ரஸ்மியா தண்ணீர் ஊற்ற, அவன் கை கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரிய தட்டில் சோறும் கறியும் போட்டு, ஜமீத் கரைத்த குழம்பை மேலே ஊற்றி நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஃபித்தா தம்பியைப் பேச வைத்தாள். அவன் வேலையிடத்துக் கதை சொன்னான். மேஸ்திரி சாரத்தின்மேல் நின்று போன் பேசிக்கொண்டே நடந்தது, ஈரப்பூச்சில் முழங்கை வரைக்கும் கையை விட்டது, விட்ட கையை எடுக்காமலே போனில் யாரையோ ஏசியது. அவ்தா மேஸ்திரியாகவே ஆனான். தொப்பை, போன், சுவருக்குள் மாட்டிய கை. ஃபித்தா தொண்டைக்குள் குலுங்கிச் சிரித்தாள். ரஸ்மியாவும் சிரித்தாள். சிரித்த பிறகுதான் தான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

நூஃபாவும் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றுப் பருக்கை ஒட்டிய முஷ்டி மெதுவாக மேலே வந்தது. ஒருமுறை அம்மாவைப் பார்த்தாள். ரஸ்மியா தலையைக் குனியவில்லை. முஷ்டி நெஞ்சைத் தொட்டது. அப்புறம் மற்ற மணிக்கட்டுக்குப் போய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு இரண்டு முஷ்டிகளையும் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்தாவின் முகத்தைப் பார்த்தாள். அவன் பேசாமலிருக்கவே மறுபடி முதலிலிருந்து சொன்னாள். நெஞ்சு. மணிக்கட்டு. மடி.

அவ்தாவின் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. வாரத்துக்கு ஒருநாள் வருகிறவனுக்கு அந்தக் கையைப் படிக்கத் தெரியவில்லை.

"என்ன சொல்றா?" என்று அக்காவைக் கேட்டான்.

ஃபித்தா எலும்பிலிருந்து கறியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தாடையால் ரஸ்மியாவைக் காட்டினாள். அவளக் கேளு.

அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். "என்ன சொல்றா நம்ம பொண்ணு?"

ரஸ்மியா விரல்களை நக்கித் துடைத்துக்கொண்டாள். தெரியவில்லை என்று உள்ளங்கையை விரித்தால் போதும். அது அவளுக்கு நன்றாக வரும். இந்த வீட்டில் அவள் அதிகம் சொன்ன சொல் அதுதான். நூஃபா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றாள் ரஸ்மியா, தன் நெஞ்சில் கை வைத்து. கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. "கைய. கட்டினா." பிறகு மடியில் இரண்டு கைகளையும் வைத்துக் காட்டினாள். "கை தூங்கிருச்சு."

அவ்தா குழந்தையின் கையை எடுத்துப் பார்த்தான். மணிக்கட்டில் சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்தான். பிறகு தன் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். அந்தக் கைகள் அப்படியே கிடந்தன. தட்டில் குழம்பு ஆடை கட்டியது. இப்படிக் கைகள் கிடப்பதை ரஸ்மியா இந்த வீட்டில் ஒரு சாவன்று மட்டும் பார்த்திருக்கிறாள்.

நூஃபாவுக்குப் பொறுக்கவில்லை. தகப்பனின் கட்டைவிரலைப் பிடித்துத் தூக்கினாள். கனத்த கை. கொஞ்சம் எழும்பி விழுந்தது. இரண்டு கைகளாலும் பிடித்து மறுபடி தூக்கினாள்.

"ஏன்?" என்றது அந்தக் கை.

ரஸ்மியா பதில் சொல்லத் தொடங்கினாள். சொல் போதவில்லை. இருப்பதை வைத்துச் சொன்னாள். வாயைக் காட்டினாள், காதைக் காட்டினாள். குழந்தைக்கு வாயில் பேச்சு வந்திருக்கிறது. அவன் கண் விரிந்தது. அப்புறம் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். இங்கே என்னை யாரும் வாயால் கூப்பிடுவதில்லை. நான் தனியாக. இவள் கூப்பிட்டாள். கையை அவிழ்த்தால் நிறுத்திவிடுவாள் என்று பயம். நடுவில் கை தடுமாறிய இடத்தில் ஃபித்தா, கறிக்கொழுப்பு ஒட்டிய விரலால், 'பயம்' என்பதைச் சரியாகச் செய்து காட்டினாள். ரஸ்மியா அதைப் பார்த்துத் திருப்பிச் செய்தாள்.

அவ்தா கடைசிவரை அவள் கையைப் பார்த்தான். பிறகு தன் கையைத் தூக்கினான்.

"பேசட்டும். அவளுக்குக் கேக்குது, வாயில பேசட்டும். எனக்கு என்ன வருத்தம்?" அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். "வாயால கூப்பிட்டா என்ன ஆகும்? எனக்குத் தெரியாது, கேக்குறேன்."

ரஸ்மியா யோசித்தாள். இதை யாரும் அவளைக் கேட்டதில்லை.

"திரும்பிப் பார்ப்பேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இத்தன நாளா அவ கையால கூப்பிட்டாளே. அக்கா சொல்லியிருக்கா. அம்மா அம்மான்னு உன் பின்னாடியே நிப்பாளாம்." அவன் கை கோபமாக அசையவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல அசைந்தது. "நீ திரும்பிப் பார்த்தியா?"

ரஸ்மியாவின் கை பாதி எழுந்து இறங்கிவிட்டது. இல்லை என்று தலையசைத்தாள்.

அவ்தா ஒரு துண்டுக் கறியை நார் நாராகக் கிழித்து மகளின் பக்கம் ஒதுக்கினான். ஃபித்தா எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனாள். நூஃபா இரண்டு கையிலும் கறியை வாரி எடுத்துக்கொண்டாள். அவள் கைக்கு இப்போது வேறு வேலை இருந்தது. ரஸ்மியா தன் பங்குச் சோற்றைத் தொடாமல், மகளை நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி நகர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் கைகள் காலியாகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.